முடிவெடுக்கும் நேரத்தில் நம்மைத் தள்ளுவது எது? அலுவலகம், ஆஸ்பத்திரி, வீடு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அலுவலகத்தில் லட்சக்கணக்கில் முடிவெடுப்பவர் ஆஸ்பத்திரிப் படிவத்தில் கையெழுத்துப் போடத் திணறுவது ஏன்?

ஆள் அதே ஆள்தான். கேள்வி வந்து சேரும் விதம் வேறு. அலுவலகத்தில் தாள் முன்கூட்டியே கைக்கு வரும், எதிர்க்கேள்வி கேட்க நாலு பேர் இருப்பார்கள், பிடிக்காவிட்டால் அடுத்த வாரத்துக்குத் தள்ளலாம். ஆஸ்பத்திரியில் இரவு பதினொரு மணிக்கு டியூட்டி டாக்டர் நின்றபடியே இரண்டு நிமிடம் பேசுவார். படிவமும் பேனாவும் கூடவே வந்துவிடும்.

ஆமோஸ் ட்வெர்ஸ்கி, டேனியல் கானமன் என்ற இரு உளவியலாளர்கள் 1970களில் தொடங்கிவைத்த ஆய்வுகள் இதைத்தான் திரும்பத் திரும்பக் காட்டின. கேள்வியை எந்தச் சொல்லில் கேட்டார்கள், எந்த எண் முதலில் காதில் விழுந்தது, யார் முதலில் வாயைத் திறந்தார், ஒன்றுமே செய்யாமல் விட்டால் எது தானாக நடக்கும்: முடிவைப் பெருமளவு இவை தீர்மானிக்கின்றன. அதனால்தான் கீழே உள்ள பதில்களில் "மனதைத் திடப்படுத்துங்கள்" என்ற யோசனை இருக்காது. ஏற்பாட்டை எப்படி மாற்றுவது என்பதுதான் இருக்கும்.

"90 பேர் பிழைப்பார்கள்" என்பதும் "10 பேர் இறப்பார்கள்" என்பதும் ஒன்றுதானே?

கணக்கில் ஒன்று, காதில் வேறு. 1982-இல் அமெரிக்காவில் ஒரு சோதனை வெளியானது. நுரையீரல் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை, கதிர்வீச்சு இரண்டில் எது வேண்டும் என்று கேட்டார்கள். அறுவை செய்துகொண்ட 100 பேரில் 90 பேர் சிகிச்சையைத் தாண்டுகிறார்கள். ஓராண்டு முடிவில் 68 பேர், ஐந்தாண்டு முடிவில் 34 பேர் உயிரோடு இருக்கிறார்கள். கதிர்வீச்சில் இந்த மூன்றும் 100, 77, 22. இப்படிப் பிழைத்தவர் கணக்காகச் சொன்னபோது கதிர்வீச்சைத் தேர்ந்தவர்கள் 18 சதவீதம். அதே எண்களை இறந்தவர் கணக்காகத் திருப்பிச் சொன்னதும் அது 44 சதவீதமானது. பதில் சொன்னவர்களில் டாக்டர்களும் உண்டு. அவர்களும் இதே பக்கம்தான் சாய்ந்தார்கள்.

டாக்டர் எந்தக் கணக்கில் சொன்னாலும் தாளில் இரண்டையும் எழுதிக்கொள்ளுங்கள். "நூறு பேருக்குச் செய்தால் எத்தனை பேர் நன்றாக இருப்பார்கள், எத்தனை பேருக்குச் சிக்கல் வரும், எத்தனை பேர் இறப்பார்கள்? செய்யாமல் விட்டால் இதே மூன்றும் எவ்வளவு?" கடைசிக் கேள்வியைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். செய்யாமல் விட்டால் என்ன ஆகும் என்று தெரியாமல், செய்வதன் ஆபத்தை எதோடு ஒப்பிடுவது?

"இந்த மாத்திரையால் ஆபத்து இரண்டு மடங்கு" என்று செய்தி வந்தால்?

எதிலிருந்து இரண்டு மடங்கு என்று பாருங்கள். 1995 அக்டோபரில் பிரிட்டனில் சில புதுவகைக் கருத்தடை மாத்திரைகள் ரத்த உறைவு ஆபத்தை இரண்டு மடங்காக்குகின்றன என்று அரசுக் குழு எச்சரித்தது. உண்மை எண்: 7,000 பெண்களில் ஒருவருக்கு வந்தது இரண்டு பேருக்கு வருகிறது. பயந்துபோய்ப் பலர் மாத்திரையை நிறுத்தினார்கள். அடுத்த ஆண்டு இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கருக்கலைப்பு சுமார் 13,000 கூடியதாக மதிப்பிட்டார்கள். கருவுற்ற காலத்தில் ரத்த உறைவு வரும் வாய்ப்பு அந்த மாத்திரையால் வருவதைவிட அதிகம் என்பது இதில் பெரிய சோகம். மடங்கு, சதவீதம் என்று யார் சொன்னாலும் "ஆயிரத்தில் எத்தனை பேர்?" என்று மாற்றிக் கேளுங்கள். மருந்தின் நன்மையை விற்க வருபவரிடமும் இதே கேள்விதான்.

பரிசோதனையில் "பாசிட்டிவ்" என்று வந்துவிட்டது. நோய் உறுதியா?

அறிகுறியே இல்லாமல் செய்த பரிசோதனை என்றால் பெரும்பாலும் உறுதி இல்லை. மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) பற்றிப் பாடநூல்களில் வரும் கணக்கைப் பாருங்கள். 1,000 பெண்களில் 10 பேருக்கு மார்பகப் புற்றுநோய் இருக்கிறது. அந்தப் பத்தில் 9 பேரைப் பரிசோதனை கண்டுபிடிக்கும். மீதி 990 பேருக்கு நோய் இல்லை; ஆனால் அவர்களிலும் 9 சதவீதம், அதாவது 89 பேருக்குப் பாசிட்டிவ் என்று காட்டும். ஆக மொத்தம் 98 பாசிட்டிவ், அதில் நோய் இருப்பது 9 பேருக்கு. ஏறக்குறைய பதினொன்றில் ஒன்று.

இதற்காக அறிக்கையைக் கிழித்துப் போட வேண்டாம். ஆயிரத்தில் பத்து என்று இருந்த வாய்ப்பு நூறில் ஒன்பது ஆகியிருக்கிறது. அடுத்த பரிசோதனைக்கு இது போதுமான காரணம். அன்றிரவே சொத்தை யார் பெயருக்கு எழுதுவது என்று பேச இது போதாது. மார்பில் கட்டி தட்டுப்பட்டுப் பரிசோதனைக்குப் போனவருக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அவருக்குத் தொடக்க வாய்ப்பே வேறு.

சிசேரியனா, சுகப்பிரசவமா என்பதை நிஜமாகவே யார் முடிவு செய்கிறார்கள்?

பெரும்பாலும் ஐந்தாம் மாதத்தில் ஆஸ்பத்திரியைத் தேர்ந்தெடுத்த அன்றே பாதி முடிவு ஆகிவிடுகிறது. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் நடந்த பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன். அரசு மருத்துவமனைகளில் 36 சதவீதம், தனியாரில் 63.8. இந்திய அளவில் மொத்தம் 21.5. தனியாருக்குப் போகிறவர்களின் வயதும் வசதியும் வேறு என்பதால், இந்த இடைவெளி முழுவதும் தேவையற்ற அறுவை என்று சொல்லிவிட முடியாது. ஆனால் தாயின் உடல்நிலை மட்டுமே இதைத் தீர்மானிப்பதாக நம்பவும் முடியாது.

வலி எடுத்த பிறகு "குழந்தையின் இதயத்துடிப்பு குறைகிறது" என்று சொன்னால் எந்தக் குடும்பமும் வாதாடாது, வாதாடவும் கூடாது. கேட்க வேண்டியதை ஆறாம் மாதத்துக்குள் கேட்டுவிடுங்கள். முதல் பிரசவத்துக்கு வந்தவர்களில் உங்களிடம் நூற்றுக்கு எத்தனை பேருக்குச் சிசேரியன் ஆகிறது? இரவில் மயக்க மருந்து நிபுணர் இங்கேயே இருக்கிறாரா, அழைத்தால் வருவாரா? தேதி தாண்டினால் எத்தனை நாள் காத்திருப்பீர்கள்? இரவில் நிபுணர் இல்லாத இடத்தில், பகலிலேயே முடித்துவிடும் அவசரம் இயல்பாக வரும். அது ஒருவரின் பேராசையாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. பணிநேர அட்டவணையே அப்படித் தள்ளும்.

ஐந்து வருடம் பிரீமியம் கட்டிய பாலிசியை இப்போது நிறுத்துவது முட்டாள்தனம் இல்லையா?

கட்டிய பணத்தை வைத்து முடிவெடுத்தால்தான் தவறு. உதாரணத்துக்கு ஒரு கணக்கு போடுவோம். 20 ஆண்டு எண்டோமென்ட் பாலிசி (காப்பீடும் சேமிப்பும் சேர்ந்தது), ஆண்டுக்கு 50,000 ரூபாய், ஐந்து ஆண்டு கட்டியாயிற்று. கையை விட்டுப் போனது 2.5 லட்சம். இன்று சரண்டர் செய்தால், அதாவது பாதியில் முடித்துப் பணத்தை வாங்கினால், 1.4 லட்சம் கிடைக்கும். முதிர்வில் சுமார் 16 லட்சம் வரும் என்கிறார் முகவர்.

மனசு 1.1 லட்சம் நட்டத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். இழப்பின் வலி, அதே அளவு லாபத்தின் மகிழ்ச்சியைவிடப் பெரிதாகத் தெரியும் என்று கானமனும் ட்வெர்ஸ்கியும் 1979-இல் எழுதியது இதைத்தான். ஆனால் இன்று உங்கள் முன் உள்ள கேள்வி வேறு: கையில் 1.4 லட்சமும், இனி ஆண்டுக்கு 50,000 வீதம் 15 ஆண்டும் இருந்தால், வேறு இடத்தில் அது 16 லட்சத்தைத் தாண்டுமா?

வரி போக 7 சதவீதம் கிடைத்தால்: 1.4 லட்சம் 15 ஆண்டில் சுமார் 3.86 லட்சமாகும். ஆண்டுத் தொடக்கத்தில் போடும் 50,000 சேர்ந்து சுமார் 13.44 லட்சம். மொத்தம் 17.3 லட்சம், நிறுத்துவதே மேல். வரி போக 6 சதவீதம்தான் என்றால் 3.36-உம் 12.34-உம் சேர்ந்து 15.7 லட்சம், தொடர்வதே மேல். முடிவைப் புரட்டியது ஒரு சதவீத வட்டி. கட்டிய 2.5 லட்சம் இரண்டு கணக்கிலும் தலையே காட்டவில்லை என்பதைக் கவனியுங்கள்.

வழக்கமாகத் தவறும் இடங்கள் மூன்று. முகவர் சொல்லும் 16 லட்சத்தில் உறுதியளித்த தொகை எவ்வளவு, எதிர்பார்க்கும் போனஸ் எவ்வளவு என்று பிரித்து எழுதி வாங்காமல் விடுவது ஒன்று. சரண்டர், தொடர்ச்சி இரண்டை மட்டும் பார்த்துவிட்டு, பிரீமியம் கட்டாமல் குறைந்த தொகையோடு பாலிசியை அப்படியே வைத்திருக்கும் பெய்ட்-அப் வழியை மறப்பது இன்னொன்று. மூன்றாவதுதான் ஆபத்தானது: புது டேர்ம் பாலிசி (சேமிப்பு இல்லாத வெறும் ஆயுள் காப்பீடு) கைக்கு வருவதற்கு முன்பே பழையதை ரத்து செய்வது. மருத்துவப் பரிசோதனையில் சர்க்கரையோ ரத்த அழுத்தமோ தெரியவந்து விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டால், பழையதும் இல்லை, புதியதும் இல்லை. அப்புறம், "கணக்குப்படி சரண்டர்" என்று முடிவு செய்தவர்கள் மிச்சமாகும் 50,000-ஐ நிஜமாகவே போடுவார்களா என்பதையும் நேர்மையாகப் பார்க்க வேண்டும். போடமாட்டோம் என்று தெரிந்தால் கணக்கே செல்லாது.

நிறுவனத்தில் ஓடாத திட்டத்தை நிறுத்தவும் இதே கணக்குதானா?

கணக்கு அதேதான். கூடுதலாக மானப் பிரச்சினை ஒன்று உண்டு: தொடங்கியவரே நிறுத்த வேண்டியிருக்கிறது. ஆகவே தொடங்கும் அன்றே "மார்ச் 31-க்குள் 40 வாடிக்கையாளர் சேராவிட்டால் நிறுத்துகிறோம்" என்று எண்ணும் தேதியுமாக எழுதி வையுங்கள். அந்தத் தேதியில் மறுபரிசீலனை செய்யும் பொறுப்பைத் திட்டத்தைத் தொடங்காத ஒருவரிடம் கொடுங்கள்.

கூட்டத்தில் மேலாளர் பேசியதும் எல்லோரும் தலையாட்டுகிறார்கள். வீட்டில் பெரியப்பா பேசினாலும் அப்படித்தான். என்ன செய்யலாம்?

1950களில் உளவியலாளர் சாலமன் ஆஷ் செய்த சோதனையில், கோடுகளின் நீளத்தைக் கண்ணால் பார்த்துச் சொல்லும் எளிய வேலையிலேயே, மற்றவர்கள் எல்லோரும் ஒரே தவறான பதிலைச் சொன்னபோது நாலில் மூன்று பேர் ஒருமுறையாவது அதையே சொன்னார்கள். ஆனால் கூட்டத்தில் ஒரே ஒருவர் சரியான பதிலைச் சொன்னதும் அந்தத் தலையாட்டல் வெகுவாக விழுந்துவிட்டது. ஆக, துணைக்கு ஒரு ஆள் வேண்டும்.

நடைமுறை இது. விவாதம் தொடங்கும் முன் எல்லோரும் ஒரு துண்டுச் சீட்டில் தங்கள் எண்ணையும் ஒரு வரிக் காரணத்தையும் எழுத வேண்டும். சீட்டுகளை ஒருவர் வாங்கிப் பெயர் சொல்லாமல் படிக்க வேண்டும். பிறகு பணியில் இளையவரிலிருந்து பேச்சு தொடங்கும், தலைவர் கடைசி. ஐந்து பேர் கூட்டத்துக்கு இதற்குப் பத்து நிமிடம் போதும். வீட்டில் சீட்டு எழுதச் சொன்னால் சிரிப்பார்கள். அங்கே பெரியவரிடம் போவதற்கு முன்பே, முக்கியமாக மருமகளிடமும் படிக்கும் பிள்ளையிடமும், தனித்தனியாகக் கேட்டுவிடுவதுதான் வழி. முடிவின் சுமை யார் தலையில் விழப்போகிறதோ அவரே கடைசியாகத்தான் பேசுவார், அல்லது பேசவே மாட்டார்.

இன்னொரு பொறி, நிரூபிக்கும் பொறுப்பு யார் மேல் என்பது. 1986 ஜனவரி 27 இரவு, சேலஞ்சர் விண்கலம் கிளம்புவதற்கு முந்தைய தொலைபேசிக் கூட்டத்தில், ராக்கெட்டின் ரப்பர் வளையங்கள் கடுங்குளிரில் இறுகிவிடும் என்று அதைத் தயாரித்த நிறுவனத்தின் பொறியாளர்கள் எச்சரித்தார்கள். "பாதுகாப்பானது என்று காட்டுங்கள்" என்பதே வழக்கமான விதி. அன்றைக்கு அது "பாதுகாப்பற்றது என்று காட்டுங்கள்" என்று தலைகீழானது. கடைசியில் மேலாளர்கள் நால்வர் மட்டும் முடிவு செய்தார்கள். மறுநாள் காலை விண்கலம் கிளம்பிச் சற்று நேரத்தில் சிதறி, அதில் இருந்த ஏழு பேரும் இறந்தார்கள். அன்றிரவு பார்த்த தரவில் வளையம் சேதமான பயணங்கள்தான் முன்னே இருந்தன. சேதமே ஆகாத பயணங்களையும் சேர்த்து வரைந்திருந்தால் குளிருக்கும் சேதத்துக்கும் உள்ள தொடர்பு பளிச்சென்று தெரிந்திருக்கும். உங்கள் கூட்டத்திலும் "எதை இந்தப் பட்டியலிலிருந்து விட்டுவிட்டோம்?" என்று கேட்க ஒருவரை நியமியுங்கள்.

மனை விலை, சம்பளம் பேசும்போது முதல் எண்ணை யார் சொல்வது நல்லது?

சந்தை விலை உங்களுக்குத் தெரியும் என்றால் நீங்கள் சொல்லுங்கள். முதலில் விழுந்த எண்ணைச் சுற்றியே பேச்சு நடக்கும். அமெரிக்காவில் டூசான் நகரத்து வீட்டுத் தரகர்களிடம் ஒரே வீட்டை வெவ்வேறு கேட்புவிலையோடு காட்டினார்கள். அவர்கள் போட்ட மதிப்பும் அந்த விலைக்கேற்ப மாறியது. கேட்புவிலையைக் கணக்கில் எடுக்கவே இல்லை என்று பலர் சாதித்தார்கள். விற்பவரிடம் போவதற்கு முன்பே பதிவுத்துறையின் வழிகாட்டி மதிப்பையும், அதே தெருவில் சமீபத்தில் கைமாறிய இரண்டு மனைகளின் விலையையும் விசாரித்து, உங்கள் உச்சவரம்பை எழுதிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். அங்கே போய் யோசித்தால் அது அவருடைய எண்ணாகத்தான் இருக்கும்.

வீடு கட்டும் பட்ஜெட் எப்போதும் ஏன் எகிறுகிறது?

நம் வீட்டை உள்ளிருந்து மட்டும் பார்க்கிறோம், அதனால்தான். சிட்னி ஓபரா மாளிகை 70 லட்சம் ஆஸ்திரேலிய டாலரில் 1963-இல் முடியும் என்றார்கள், 10.2 கோடி டாலரில் 1973-இல் திறந்தது. நம்மூரில் பள்ளம் வேறு இடத்தில் இருக்கிறது. சதுர அடிக்கு இவ்வளவு என்று பேசும் தொகையில் காம்பவுண்டு சுவர், தண்ணீர்த் தொட்டி, செப்டிக் டேங்க், போர்வெல், மின் இணைப்பு, வரைபட அனுமதிக் கட்டணம், கேட், சமையலறை அலமாரி இவையெல்லாம் பெரும்பாலும் இருக்காது. ஒப்பந்தத்தில் "இதில் சேராதவை" என்று தனிப் பட்டியல் எழுதி வாங்குங்கள்.

அதைவிடப் பயனுள்ளது: அதே மேஸ்திரியிடம் கட்டி முடித்த மூன்று வீட்டுக்காரர்களிடம் போய், "முதலில் சொன்ன தொகை எவ்வளவு, முடிந்தபோது எவ்வளவு, எத்தனை மாதம் தள்ளிப்போனது?" என்று கேளுங்கள். மூவரின் சராசரி 25 சதவீதம் கூடுதல் என்றால் உங்களுக்கும் அதுவே. உங்கள் வீடு மட்டும் விதிவிலக்காக இருக்காது. வங்கிக் கடனையும் அந்தத் தொகைக்கே கணக்குப் போடுங்கள். பாதிக் கட்டடத்தில் நகையை அடகு வைக்கும் நிலை அங்கேதான் தொடங்குகிறது.

தாமதமாக வந்தால் அபராதம் போட்டால் ஒழுங்கு வருமா?

கெடவும் செய்யலாம். இஸ்ரேலின் ஹைஃபா நகரில் பத்துக் குழந்தைகள் காப்பகங்களை எடுத்துக்கொண்டு, அவற்றில் சிலவற்றில், மாலையில் பத்து நிமிடத்துக்கு மேல் தாமதமாக வந்து பிள்ளையை அழைத்துப்போகும் பெற்றோருக்கு 10 ஷெக்கல் அபராதம் போட்டார்கள். தாமதமாக வருவோர் ஏறக்குறைய இரண்டு மடங்கானார்கள். ஆசிரியை காத்திருக்கிறாரே என்ற கூச்சம் போய், அது காசு கொடுத்து வாங்கும் சேவையாகிவிட்டது. அபராதத்தை நீக்கிய பிறகும் பழைய கூச்சம் திரும்பவில்லை. பாத்திரம் கழுவினால் இருபது ரூபாய் என்று பிள்ளையிடம் ஒப்பந்தம் போடும் முன் யோசிக்க வேண்டியது இது.

ஐசியூவில் "எல்லாம் செய்யட்டுமா?" என்று கேட்டால் என்ன சொல்வது?

அந்தக் கேள்விக்கு "வேண்டாம்" என்று சொல்ல எந்த மகனாலும் முடியாது. அப்பாவைக் கைவிட்டதுபோல் ஆகிவிடும். கேள்வியை மாற்றிக் கேளுங்கள்: "வென்டிலேட்டர் வைத்தால் எதை எதிர்பார்க்கிறீர்கள்? மறுபடி எழுந்து நடந்து வீட்டுக்கு வரும் வாய்ப்பு நூறில் எவ்வளவு? மூன்று நாள் வைத்துப் பார்த்து, எந்த அறிகுறி தெரிந்தால் தொடர்வது, எது தெரிந்தால் நிறுத்துவது?" நாள் குறித்த முயற்சி என்று வைத்துக்கொண்டால் குடும்பத்துக்கும் டாக்டருக்கும் பேச இடம் கிடைக்கிறது. அண்ணன் தம்பிகளுக்குள் பேசும்போது "நமக்கு என்ன வேண்டும்" என்பதை விட்டு, "அப்பா இப்போது பேச முடிந்தால் என்ன சொல்வார்" என்று கேட்டுக்கொள்ளுங்கள். வெளிநாட்டிலிருந்து கடைசியாக வந்து சேரும் பிள்ளைதான் பெரும்பாலும் "எல்லாம் செய்யுங்கள்" என்று பிடிவாதம் பிடிப்பார். முதல் நாளிலிருந்தே அவரை வீடியோ அழைப்பில் டாக்டரோடு பேச வையுங்கள்.

கடைசிக் கட்டத்தில் எந்தச் சிகிச்சை வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதி வைக்கவும் வழி உண்டு. உச்ச நீதிமன்றம் 2018 மார்ச் 9-இல் இதற்கு அனுமதி கொடுத்தது. 2023 ஜனவரி 24-இல் நடைமுறையை எளிதாக்கியது. பதினெட்டு வயது நிரம்பியவர் இரண்டு சாட்சிகள் முன் கையெழுத்திட்டு, நோட்டரியிடமோ கெஜட்டட் அதிகாரியிடமோ சான்று வாங்கினால் போதும். தம் சார்பில் முடிவெடுப்பவர் பெயரையும் அதில் எழுத வேண்டும். பீரோவில் பூட்டி வைத்தால் பயனில்லை. அவரிடம் ஒரு நகல், குடும்ப டாக்டரிடம் ஒரு நகல்.

உறுப்பு தானத்துக்கு அட்டை வாங்கிவிட்டால் போதாதா?

போதாது. மூளைச்சாவுக்குப் பிறகு நம் நாட்டில் குடும்பத்திடம் சம்மதம் கேட்பார்கள். ஒன்றும் செய்யாவிட்டால் தானம் கொடுப்பவர் என்றே கருதும் ஆஸ்திரியாவில் பதிவில் கிட்டத்தட்ட எல்லோரும் இருந்தார்கள். விரும்பிச் சேர வேண்டிய ஜெர்மனியில் 12 சதவீதம்தான் என்று 2003-இல் ஓர் ஆய்வு காட்டியது. ஆனால் பதிவு வேறு, நடப்பு வேறு. உலகில் முன்னணியில் உள்ள ஸ்பெயினிலும் குடும்பத்தைக் கேட்கிறார்கள். அங்கே வெற்றிக்குப் பெரிய காரணம் மருத்துவமனைதோறும் பயிற்சி பெற்ற ஒருங்கிணைப்பாளர் இருப்பது. தமிழ்நாட்டில் 2023 முதல் உறுப்பு தானம் செய்தவரின் இறுதிச்சடங்கு அரசு மரியாதையோடு நடக்கிறது. அந்தக் கடினமான மணிநேரத்தில் உறவினர் முன் குடும்பத்துக்கு அது ஒரு பலம். உங்கள் பங்குக்கு, வீட்டில் ஒருநாள் வாய்விட்டுச் சொல்லி வையுங்கள்.

இந்த ஆய்வுகளை எல்லாம் அப்படியே நம்பலாமா?

எல்லாவற்றையும் கூடாது. மன உறுதி பெட்ரோல் மாதிரி தீர்ந்துபோகும் என்ற கருத்தை 2016-இல் 23 ஆய்வகங்கள் சேர்ந்து மறுபடி சோதித்தபோது விளைவு ஏறக்குறைய பூஜ்யம். படிவத்தின் மேலேயே கையெழுத்து வாங்கினால் மக்கள் நேர்மையாக நிரப்புவார்கள் என்ற 2012 ஆய்வில் தரவு புனையப்பட்டது தெரிந்து 2021-இல் திரும்பப் பெற்றார்கள். ஒரே சோதனையை வைத்து நிறுவனத்தின் விதியை மாற்றாதீர்கள். சொல் மாற்றினால் தேர்வு மாறுவது, முதல் எண் இழுப்பது, திட்டக் காலம் நீள்வது ஆகியவை பலமுறை பல இடங்களில் உறுதியானவை.

உள்ளுணர்வு சொல்வதைக் கேட்கவே கூடாதா?

கேட்கலாம், இரண்டு நிபந்தனைகள் நிறைவேறினால். அந்தத் துறையில் ஒரு ஒழுங்கு இருக்க வேண்டும். தவறினால் உடனே தெரியவும் வேண்டும். உள்ளுணர்வை நம்பிய உளவியலாளர் கேரி க்ளைனும் சந்தேகித்த கானமனும் 2009-இல் சேர்ந்து எழுதி ஒத்துக்கொண்டது இது. பல வருடம் குறைமாதக் குழந்தைகள் வார்டில் இருந்த நர்ஸ் "இந்தக் குழந்தை சரியில்லை" என்றால், அறிக்கை சாதாரணமாக இருந்தாலும் டாக்டரைக் கூப்பிடுங்கள். பங்குச்சந்தையில் எந்தப் பங்கு ஏறும் என்று ஒருவருக்குத் தோன்றுவதற்கு அந்த மதிப்பு கிடையாது. ஆள் எடுக்கும் நேர்முகத்தில் தோன்றுவது இரண்டுக்கும் நடுவில். அங்கே வேலைக்குத் தேவையான ஐந்தாறு தன்மைகளை முதலிலேயே எழுதி, எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டு, ஒவ்வொன்றுக்கும் ஐந்துக்கு இத்தனை என்று அங்கேயே மதிப்பெண் போட்டுவிடுங்கள். மொத்தத்தில் ஆள் எப்படி என்று மனசு சொல்வதை அதற்குப் பிறகே, கடைசி வரிசையில் தனி எண்ணாக எழுதுங்கள்.